பாக்கெட்டை எங்கே தூக்கிப் போடுவது?

ஐபிஎல் சீசன் வந்துவிட்டால் பெங்களூர் நீலசந்திராவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் சந்தே ஒரே புலம்பல். மாடி வீட்டில் படம் நின்று வட்டம் சுற்றும். எதிர் வீட்டில் ஒரு பந்து தள்ளித்தான் வரும். பின்வீட்டுக்காரர் "சிக்ஸ்!" என்று கத்திய பிறகு நாம் பந்துவீச்சாளர் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். திட்டு முழுவதும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: ஏரியா கேபிள்காரர். எல்லோருக்கும் அவர் 'கேபிள் அண்ணா'. குடும்பம் வேலூர் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் இங்கே வந்தது. தொண்ணூறுகளில் மொட்டை மாடியில் டிஷ் வைத்துத் தொழில் ஆரம்பித்தவர், இப்போது ஒரு சின்ன நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் இன்டர்நெட்டும் கொடுக்கிறார்.

நான் லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் வேலை பார்ப்பவன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "தம்பி, நீ நெட்வொர்க்லதான வேலை பாக்குற? ஒரு வாட்டி வந்து எட்டிப் பாரேன்" என்றார். மறுக்க முடியாது. எங்கள் வீட்டு லைனும் அவருடையதுதான்.

பஜார் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சுவர் முழுக்க ஃபைபர் பெட்டிகள், கீழே வரிசையாக யுபிஎஸ் பேட்டரிகள், நடுவில் எஸ்.பி. ரோட்டுக் கடையில் பழசாக வாங்கிய ஒரு சர்வர். எட்டு கோர், இரண்டு 10 ஜிகாபிட் போர்ட். ஒரு போர்ட் வாடிக்கையாளர் பக்கம், இன்னொன்று வெளியுலகம் பக்கம். வாடிக்கையாளர்கள் பிபிபிஓஇ என்ற நெறிமுறை வழியாக லாகின் ஆகிறார்கள். சர்வரில் ஓடும் லினக்ஸ் அவர்கள் எல்லோரையும் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் நாட் செய்து வெளியே அனுப்புகிறது.

"ரெண்டு ஜிகா வாங்கி வெச்சிருக்கேன். கிராஃப்ல பாரு, ஒன்னு கூட முழுசா போகல. அப்புறம் எதுக்கு இப்படி நின்னுடுது?"

நியாயமான கேள்வி. லைனை விற்கிறவர்கள் பிட் கணக்கில் விற்கிறார்கள். கெர்னல் உழைப்பதோ பாக்கெட் கணக்கில், அதாவது தரவுத் துண்டுகளின் எண்ணிக்கையில். பாக்கெட் 1,500 பைட்டாக இருந்தாலும் 60 பைட்டாக இருந்தாலும் அதற்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான். தலைப்பைப் பிரிக்க வேண்டும், எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று தேட வேண்டும், விதிகளைப் பார்க்க வேண்டும், முகவரியை மாற்ற வேண்டும், வழி பார்த்து அனுப்ப வேண்டும். 10 ஜிகாபிட் லைனில் ஈத்தர்நெட்டின் மிகச் சின்ன 64 பைட் ஃப்ரேம்களே வரிசையாக வந்தால், ஃப்ரேம்களுக்கு இடையே கட்டாயமாகப் போகும் 20 பைட்டையும் சேர்த்து, நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ செகண்ட். 3 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது சுமார் 200 சைக்கிள். கேஷில் இல்லாத ஒரு தகவலை ரேம் வரை போய் எடுத்துவந்தால், அந்த ஒரு நடைக்கே இந்த நேரம் மொத்தமும் போய்விடக்கூடும். அதே லைனில் 1,518 பைட் பெரிய ஃப்ரேம்களாக வந்தால் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான். ஒன்றுக்கு 1,230 நானோ செகண்ட். ராஜபோகம்.

ஆகவே கிராஃபில் கோடு பாதியில் நிற்பதைப் பார்த்து 'இன்னும் இடம் இருக்கிறது' என்று நினைக்கக் கூடாது. நான் டாப் கட்டளையைத் தட்டினேன். கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற கெர்னல் இழை முதல் கோரில் நூறு சதவீதம். மற்ற ஏழு கோர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. ப்ராக் அடைவில் இன்டரப்ட் எண்ணிக்கைக் கோப்பைத் திறந்து பார்த்தால், வாடிக்கையாளர் பக்க நெட்வொர்க் கார்டுக்கு எட்டு க்யூ இருந்தும் முதல் க்யூவின் எண் மட்டும் எகிறிக்கொண்டிருந்தது. மற்றவை நகரவே இல்லை.

ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. அதில் ஒரு நுனி இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஐஐஎஸ்சி, அதாவது பழைய பெங்களூருக்காரர்கள் இன்னமும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இடத்தில், 1978-இல் எம்.டெக் முடித்தவர் கே.கே. ராமகிருஷ்ணன். 1983-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் பாக்கெட்டைத் தொலைக்காமலே அதில் ஒரு குறி போட்டு அனுப்புநருக்குத் தெரிவிக்கும் முறை ஒன்று உண்டு. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3168. அதை எழுதிய மூவரில் முதல் பெயர் அவருடையதுதான். ஆனால் கெர்னல்காரர்களாகிய எங்களுக்கு அவரைத் தெரிவது வேறொரு கட்டுரையால். ஜெஃப்ரி மோகலும் அவரும் சேர்ந்து 1996 யூஸ்னிக்ஸ் மாநாட்டில் படித்தது. பொருள், இன்டரப்டை நம்பி ஓடும் கெர்னலில் வரும் 'ரிசீவ் லைவ்லாக்'.

அந்தக் காலத்து யூனிக்ஸில் ஒவ்வொரு பாக்கெட் வந்ததும் கார்டு இன்டரப்ட் அடிக்கும். சிபியு கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பாக்கெட்டை எடுத்து ஒரு க்யூவில் வைக்கும். மீதி வேலை அப்புறம். பிரச்சினை அந்த 'அப்புறம்' என்பதில். இன்டரப்டுக்கு முன்னுரிமை அதிகம். பாக்கெட் வெள்ளமாக வந்தால் எடுத்து வைப்பதற்கே முழு நேரமும் போய்விடும், வைத்ததை வெளியே அனுப்ப நேரமே கிடைக்காது. க்யூ நிரம்பும். புதிதாக எடுத்ததைக் கீழே போட வேண்டியதுதான். சிபியு நூறு சதவீதம் வேலை செய்யும். வெளியே போவது பூஜ்யம்.

அவர்கள் ஓர் ஆல்ஃபா இயந்திரத்தை ரவுட்டராக வைத்து அளந்தார்கள். மாற்றம் செய்யாத கெர்னலில் நொடிக்குச் சுமார் 4,700 பாக்கெட் வரை ஒழுங்காக அனுப்பியது. ஸ்கிரீன்ட் என்ற வடிகட்டும் நிரலையும் ஓட்டினால் 2,000-க்கு மேல் தடுமாற்றம்; 6,000 பாக்கெட் உள்ளே வரும்போது எதுவுமே வெளியே போகவில்லை. அன்றைய 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் அதிகபட்சம் 14,880 பாக்கெட் வர முடியும். அதாவது லைனில் பாதிகூட நிரம்பாதபோதே ரவுட்டர் மூச்சு நின்றுவிட்டது. கேபிள் அண்ணாவின் கேள்வியும் ஏறத்தாழ இதேதான் இல்லையா?

அவர்கள் கண்ட வைத்தியத்தை நான் ஒரே வாக்கியத்தில் சொல்வேன்: முடிக்க முடியாத வேலையைத் தொடாதே. இன்டரப்ட் வந்தால் எழுந்துகொள். எழுந்ததும் இன்டரப்டை அணைத்துவிடு. பிறகு நீயாகப் போய் கார்டில் இருப்பதை ஒரு கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாக எடு. எடுத்த ஒவ்வொன்றையும் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர். மேலே வடிகட்டியின் க்யூ முக்கால்வாசி நிரம்பினால் கார்டிலிருந்து எடுப்பதையே நிறுத்து; கால்வாசிக்கு இறங்கியதும் திரும்ப ஆரம்பி. அதற்குள் வருகிற மிச்ச பாக்கெட்டுகளை என்ன செய்வது? கார்டின் நினைவகம் நிரம்பி அங்கேயே விழட்டும். அங்கே விழுந்தால் சிபியுவுக்கு ஒரு சைக்கிள்கூடச் செலவில்லை.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றால் வாசலிலேயே போர்டு மாட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வைத்து, கார்டை வாங்கி, பதிவேட்டில் எழுதி, கைரேகையும் எடுத்துவிட்டு "ஸ்டாக் இல்ல" என்று சொன்னால் வந்தவருக்கும் நஷ்டம், கடைக்காரருக்கும் நஷ்டம், பின்னால் அரிசிக்காக நிற்கிறவருக்கும் நஷ்டம். பாக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடுகிறோம் என்பதில்தான் பாதி செயல்திறன் இருக்கிறது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். 'நிரலை வேகமாக்கு, அசெம்பிளியில் எழுது' என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

லினக்ஸுக்கு இந்த யோசனை 2001-இல் வந்து சேர்ந்தது. ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் கொண்டுவந்த நாப்பி. இன்று எந்த நல்ல கார்டின் டிரைவரும் இதில்தான் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு க்யூவிலிருந்து 64 பாக்கெட். மொத்தம் 300 பாக்கெட் அல்லது சில மில்லிசெகண்ட் தாண்டினால் 'போதும், மற்றவர்களுக்கும் வழி விடு' என்று நிறுத்தம். மிச்ச வேலை கேசாஃப்ட்ஐஆர்க்யூடி இழைக்குப் போகும். அது மற்ற நிரல்களோடு சமமாக முறை வாங்கி ஓட வேண்டும். நாப்பி இருப்பதால்தான் அண்ணாவின் சர்வர் மொத்தமாகச் செத்துப்போகவில்லை, ஒரு கோர் மட்டும் திணறியது.

சரி, ஏன் ஒரு கோர் மட்டும்?

பல க்யூ உள்ள கார்டு, வருகிற பாக்கெட்டின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் எடுத்து ஒரு ஹாஷ் போட்டு, அதன்படி க்யூ ஒதுக்கும். ஒவ்வொரு க்யூவுக்கும் ஒரு கோர். அழகான ஏற்பாடு. ஆனால் வாடிக்கையாளர் பக்கமிருந்து வருவது நேரடி ஐபி இல்லை. பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி. பல கார்டுகளுக்கு அந்த உறையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'ஐபி மாதிரித் தெரியவில்லையே' என்று எல்லாவற்றையும் முதல் க்யூவில் கொட்டிவிடும். அந்தப் பக்கமிருந்து வருவதெல்லாம் பெரும்பாலும் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும் சின்னச் சின்ன ஏசிகே பாக்கெட்டுகள். பைட் கணக்கில் அற்பம், அதனால் கிராஃபில் தெரியாது. பாக்கெட் கணக்கில் பெருங்கூட்டம். ஏசிகே தாமதமானால், வெளியே இருக்கும் சர்வர் அடுத்த வீடியோத் துண்டை அனுப்பத் தயங்கும். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். பிரச்சினை நேரத்தில் அண்ணா லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியாமல் தவித்ததற்கும் காரணம் இதுவே: அவருடைய எஸ்எஸ்எச் பாக்கெட்டுகளும் அதே போர்ட் வழியாக வந்து அதே முதல் க்யூவில் நின்றன.

உறுதிப்படுத்த நான் பார்த்தது சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற கோப்பு. ஒரு கோருக்கு ஒரு வரி, எல்லாம் பதினாறடிமான எண்கள். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் முதல் மூன்று பத்திகள் போதும்: கையாண்டவை, போட்டவை, நேரமோ கணக்கோ தீர்ந்து பாதியில் நிறுத்திய முறைகள். முதல் வரியின் மூன்றாவது பத்தி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே கார்டின் 'தவறவிட்டவை' எண்ணும். இரண்டும் சேர்ந்து ஏறினால் வழக்கை அங்கேயே முடித்துவிடலாம்.

அண்ணாவுக்கு முன்பு யாரோ கொடுத்த யோசனைப்படி, பாக்கெட்டுகள் கெர்னலுக்காகக் காத்திருக்கும் ரிங் பஃபரை 4,096-க்கு ஏற்றி வைத்திருந்தார். இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ரிங் பெரிதானால் பாக்கெட் விழுவது குறையும், உண்மைதான். திடீரென்று ஒரு நொடிக்கு மட்டும் வருகிற கூட்டத்துக்கு அது உதவும். ஆனால் மணிக்கணக்கில் நீடிக்கும் கூட்டத்துக்கு அது காத்திருக்கும் நேரத்தை மட்டுமே நீட்டும். விழ வேண்டிய பாக்கெட் விழாமல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், டிசிபிக்கு நெரிசல் இருப்பதே வெகு நேரம் கழித்துத்தான் உறைக்கும். அதைக் குறைத்து வைத்தோம்.

பிறகு கூகிளின் டாம் ஹெர்பர்ட் எழுதி 2010-இல் 2.6.35 கெர்னலில் சேர்ந்த ரிசீவ் பாக்கெட் ஸ்டீயரிங். கார்டு செய்யத் தவறிய ஹாஷை கெர்னலே மென்பொருளில் போட்டு, பாக்கெட்டை மற்ற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கெர்னலுக்கு பிபிபிஓஇ உறையைப் பிரிக்கத் தெரியும் என்பதுதான் இங்கே விசேஷம். செய்ய வேண்டியது சிஸ் அடைவில் அந்த க்யூவின் கோப்பில் எந்தெந்தக் கோர் என்று ஒரு பதினாறடிமான எண்ணை எழுதுவது மட்டும். முதல் கோரை விட்டுவிட்டு மற்ற ஏழையும் கொடுத்தோம். முதல் கோருக்கு எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையே போதும். எழுதி என்டர் தட்டியதும் டாப் திரையில் ஏழு கோர்களும் விழித்துக்கொண்டன. அண்ணா திரையையே பார்த்துக்கொண்டு, "இவ்ளோ நாள் இவனுங்க எல்லாம் சம்பளம் வாங்கிட்டு சும்மாவா இருந்தானுங்க?" என்றார்.

வெளியுலகப் பக்கம் வேறு கூத்து. அங்கே வருவது நேரடி ஐபிதான், க்யூக்கள் பிரிந்துதான் இருந்தன. ஆனால் இரண்டு க்யூ மட்டும் கொழுத்திருந்தன. யூடியூப் போன்றவை இப்போது பெரும்பாலும் க்விக்கில், அதாவது யுடிபி மேல் வருகின்றன. பல டிரைவர்கள் யுடிபிக்கு மட்டும் முகவரியை வைத்தே ஹாஷ் போடும், போர்ட் எண்ணைப் பார்க்காது. காரணம் இல்லாமல் இல்லை: துண்டாக்கப்பட்ட யுடிபி பாக்கெட்டில் முதல் துண்டில் மட்டும்தான் போர்ட் எண் இருக்கும், மற்றத் துண்டுகள் வேறு க்யூவுக்குப் போனால் வரிசை கலையும். ஆனால் நாட் முகவரிக்குப் பின்னால் தெருவே உட்கார்ந்திருக்கும்போது, அனுப்பும் முகவரி ஒரு வீடியோ சர்வர், பெறும் முகவரி நம் பொது முகவரி ஒன்று. எத்தனை வீடு பார்த்தாலும் ஹாஷ் ஒன்றே. ஈத்டூல் கட்டளையில் ஒரு வரி கொடுத்து யுடிபிக்கும் போர்ட் எண்களைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். க்விக் துண்டாக்கலை அனுமதிப்பதில்லை, அதனால் அந்தப் பயம் இங்கே பெரிதில்லை.

இவ்வளவும் ஆன பிறகு பெர்ஃப் கருவியை ஓடவிட்டேன். கெர்னலில் எந்த ஃபங்ஷன் அதிக நேரம் தின்கிறது என்று அது நேரடியாகக் காட்டும். மேலே நின்றது ஐபிடேபிள்ஸ் விதிகளை வரிசையாகப் படிக்கும் ஃபங்ஷன். விதிப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி விதி, வரிசையாக, புது இணைப்பு எடுத்தவர் கடைசியில். ஒவ்வொரு பாக்கெட்டும் மேலிருந்து கீழே நடந்துபோக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரின் பாக்கெட் தெருவிலிருக்கும் எல்லார் வீட்டுக் கதவையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டைக் கண்டுபிடிக்கும். இதை ஐபிசெட்டில் ஒரு ஹாஷ் தொகுப்பாக மாற்றினால் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே தேடல். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட அன்று அதிகம் பலன் தந்தது இந்த எளிய வேலைதான்.

இன்னொன்று, ராமகிருஷ்ணனின் பாடத்துக்கு நேர் உதாரணம். பொது முகவரி வைத்திருக்கும் எவருக்கும் உலகின் எங்கெங்கோ இருந்து டெல்நெட் போர்ட் திறந்திருக்கிறதா, விண்டோஸ் பகிர்வு போர்ட் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பாக்கெட்டுகள் இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். அண்ணாவின் சர்வர் அவற்றைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கே? ஐபிடேபிள்ஸின் ஃபில்டர் அட்டவணையில், அதாவது இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் அந்தப் பாக்கெட்டுக்கு ஹாஷ் போட்டு, தேடி, ஒரு பதிவுக்கு இடமும் ஒதுக்கிய பிறகு. அதே தடையை ரா அட்டவணைக்கு, கான்ட்ராக்குக்கு முன்னால், இடம் மாற்றினோம். விதி அதே, விளைவும் அதே, செலவு மட்டும் குறைவு.

இதை அதன் எல்லை வரை கொண்டுபோனால் கிடைப்பது எக்ஸ்டிபி. 2016-இல் 4.8 கெர்னலில் வந்தது. சாதாரணமாகக் கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 200 பைட்டுக்கு மேல் நீளும் ஒரு விவரப் பெட்டியை ஒதுக்கும். எக்ஸ்டிபியோ அந்தப் பெட்டி பிறப்பதற்கு முன்பே, டிரைவருக்குள்ளேயே, நாம் எழுதிய ஒரு சின்ன பிபிஎஃப் நிரலை ஓட்டி 'போடு, அனுப்பு, திருப்பு' என்று முடிவெடுக்கும். அதைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வுக் கட்டுரையின்படி ஒரே கோரில் நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டைத் தூக்கிப் போட முடிந்தது. அதே இயந்திரத்தில் வழக்கமான பாதையில், ரா அட்டவணையில் போட்டால் 48 லட்சம். கான்ட்ராக்கையும் கடந்து போட்டால் 18 லட்சம். வேலை ஒன்றுதான், செய்யும் இடம்தான் வேறு.

பாக்கெட்டுகளைக் கெர்னலுக்கு வெளியே கையாளும் டிபிடிகே இதைவிட வேகம். அதே கட்டுரையில் 4 கோடிக்கு மேல் போகிறது. ஆனால் அது கார்டை கெர்னலிடமிருந்து முழுசாகப் பிடுங்கிக்கொண்டு, பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் கோரை நூறு சதவீதத்தில் சுற்றவிடும். டெலிகாம் கம்பெனிக்குச் சரி. நீலசந்திராவில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டிய அறைக்கு விடிகாலை மூன்று மணிக்கும் வெறுமனே சுற்றும் கோர் கட்டுபடியாகாது. நாட், பிபிபிஓஇ, வேகக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அதில் திரும்ப உருவாக்கவும் வேண்டும். நான் அதை அண்ணாவிடம் சொல்லவே இல்லை.

இப்படி ஒரு சர்வரை நீங்களும் வைத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். 'அதிகபட்சம் எவ்வளவு போகிறது' என்று மட்டும் அளக்காதீர்கள். இன்னொரு கணினியில் கெர்னலோடு வரும் பிகேடிஜென்னை வைத்து, உள்ளே அனுப்பும் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, வெளியே வருவதைக் குறித்துக்கொண்டே போங்கள். மோகலும் ராமகிருஷ்ணனும் வரைந்தது அந்த வரைபடத்தைத்தான். உச்சிக்குப் போனதும் கோடு மட்டமாக நீண்டால் நல்ல சர்வர். உச்சிக்குப் பிறகு சரிந்தால், உச்சி எவ்வளவு உயரம் என்றாலும் ஒரு மேட்ச் நாளில் அது உங்களைக் கைவிடும்.

மிச்சம் இருக்கும் ஒரு குறை, வாடிக்கையாளர் பக்கம் முதல் கோர். எல்லாப் பாக்கெட்டையும் முதலில் தொடுவது இன்னமும் அதுதான். மற்ற கோர்களை எழுப்பக் குறுக்கு இன்டரப்ட் அனுப்பும் செலவும் அதன் தலையில். ஆட்கள் கூடக் கூட அங்கேதான் மறுபடி முட்டும். பிபிபிஓஇ உறைக்குள் பார்த்து ஹாஷ் போடத் தெரிந்த புதிய தலைமுறைக் கார்டுகள் வந்துவிட்டன என்று அண்ணாவிடம் சொன்னேன். விலை கேட்டார். சொன்னேன். "எஸ்.பி. ரோட்டுக்கு அது எப்ப வரும்?" என்றார். இன்னும் சில வருஷம் ஆகலாம் என்றேன். "அதுவரைக்கும் புது கனெக்‌ஷன்காரங்கள எல்லாம் இன்னொரு கார்டு போட்டு பிரிச்சு விட்டுடலாமா?" என்று அவரே கேட்டார். தாராளமாக விடலாம். இன்னொரு பழைய கார்டு, அதன் முதல் க்யூவுக்கு இன்னொரு கோர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம்.